வெடிப்பின் குறுக்கே ஒரு பூச்சு

போன மாதம் எங்கள் பழைய காரியாலயத்தின் நலன்புரிச் சங்கத்திலிருந்து இரண்டு பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். "சேர் முப்பது வருசத்துக்கு மேல றோட்டுப் பார்த்திருக்கீங்க, ரெண்டு சம்பவம் எழுதுங்க" என்றாள் அவர்களில் ஒருத்தி. பிறகு தன் போனை எடுத்துக் காட்டினாள். இப்போது குடியிருப்புப் பகுதி வீதிகளுக்குத் தரம் போடுவது அந்தப் போன்தானாம். வாகனத்தின் முன் கண்ணாடியில் ஒட்டிவிட்டு ஒரு சுற்றுப் போய் வந்தால் போதும். எங்கே எவ்வளவு குலுங்கியது என்று அதுவே பார்த்து, வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் தீட்டிவிடுமாம்.

நல்லது என்றேன். வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை, நல்லதுதான். நாங்கள் தூரம் அளக்கும் சில்லை உருட்டிக்கொண்டு வெயிலில் நடந்த நடைக்கு இந்தப் பிள்ளைகள் ஏன் நடக்க வேண்டும்? ஆனால் அவர்கள் போன பிறகு எனக்குப் பிளேன்டீ இறங்கவில்லை. குலுங்காத வீதிக்கு அந்தப் போன் பச்சை போடும். என் உத்தியோக காலம் முழுவதும் என்னைப் பயமுறுத்தியவை குலுங்காத வீதிகள்தான்.

நான் பெரிய பயந்தாங்கொள்ளி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மழை இரைந்து பெய்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். "இந்த மனுசனுக்குப் பல்லி கத்தினாலும் மண்சரிவுதான்" என்று என் மனைவி வந்தவர் போனவரிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பாள். நான் வத்தேகமக்காரன். அப்பா தோட்டத்துக் காரியாலயத்தில் கிளார்க். எப்படியோ தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, கண்டியைச் சுற்றியுள்ள உள்ளூராட்சிச் சபைகளில் ஒன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தராகச் சேர்ந்தேன். எந்தச் சபை என்று இங்கே வேண்டாம். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மைதானம் போன்ற சமதரையில் றோட்டுப் போடுவது எப்படி என்று படித்தோம். வேலைக்கு வந்து பார்த்தால் சமதரை என்று ஒரு முழம் கிடையாது.

மலைச்சரிவில் வீதியைப் பார்க்கும் முறை வேறு. மேற்பரப்பில் உள்ள குழியும் மேடும் கடைசியில்தான். முதலில் மேல்பக்கத்து வடிகானைப் பார்க்க வேண்டும், தண்ணீர் எங்கே போகிறது, போகவேண்டிய இடத்துக்குப் போகிறதா என்று. அடுத்தது வீதிக்குக் கீழால் தண்ணீர் கடக்கும் மதகு. அதன் பிறகு கீழ்ப்பக்கத்துத் தாங்கு சுவர், அந்தச் சுவரில் தண்ணீர் வெளியேற விட்டிருக்கும் துளைகள். வேலிக் கட்டைகளும் மின்கம்பமும் நேராக நிற்கின்றனவா என்று ஒரு கண் வைக்க வேண்டும். இவ்வளவும் பார்த்து எழுதிய பிறகு கடைசிக் கட்டத்தில் நான்கு சொற்களில் ஒன்றை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்: நல்லது, மத்திமம், மோசம், அபாயம். சிறிய சொற்கள்தான். நான்காவது சொல்லை எழுத எனக்குப் பயம்.

அந்தத் தாளைக் கொண்டுபோய் வைக்க வேண்டிய மேசை யோகேஸ்வரி மிஸ்ஸின் மேசை. பொறியியலாளர், யாழ்ப்பாணத்து அம்மா. கறுப்புக் குடை ஒன்று, மழை வந்தாலும் வராவிட்டாலும் கையில் இருக்கும். சத்தம் போட்டதே கிடையாது, அதுதான் பயங்கரம். தாளைக் கீழிருந்து மேலாக வாசிப்பார். முதலில் கையெழுத்து, பிறகு தீர்ப்பு, அதன் பிறகுதான் விவரம். ஏதாவது ஒரு வரியில் பென்சில் நுனியை வைத்து நிமிர்ந்து பார்ப்பார். கேட்பது ஒரே கேள்வி. "இது நீர் கண்டதோ, கேட்டதோ?"

கேட்டது என்றால் தாள் திரும்பி வரும், அவ்வளவுதான். கண்டது என்று சொல்லி அது பொய்யானால் நடப்பது வேறு. நான் சேர்ந்த புதிதில் ஒரு தாங்கு சுவரைப் பற்றி "துளைகள் சரியாக உள்ளன" என்று எழுதினேன். சுவரின் கீழ்ப்பக்கம் ஒரே முட்புதர், அட்டைக்கடி, பாம்பும் இருக்கும் என்று சொன்னார்கள். நான் மேலே நின்று எட்டிப் பார்த்ததோடு சரி. மிஸ் என்னை அங்கேயே கூட்டிக்கொண்டு போனார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் புதருக்குள் இறங்கினார். இரும்புக் கம்பியை என் கையில் தந்து ஒவ்வொரு துளையிலும் விடச் சொன்னார். பதினோரு துளையில் எட்டில் கம்பி போகவே இல்லை, மண் அடைத்துக் கல்லாகிக் கிடந்தது.

"மழை பெய்யேக்க துளையால தண்ணி வந்தால் நல்லம். கலங்கி வந்தால் யோசிக்க வேணும். வராமல் நிண்டால், தம்பி, அங்க நிக்கவே கூடாது. தண்ணி எல்லாம் சுவருக்குப் பின்னால நிக்குது எண்டு அர்த்தம்" என்றார். காலில் ஏறியிருந்த அட்டையைத் தட்டிவிட்டபடியே அதைச் சொன்னார். அன்றையிலிருந்து காணாததை நான் எழுதியதில்லை. கண்டதாக நினைத்து எழுதியது ஒன்று உண்டு. சொல்ல வந்தது அதைத்தான்.

கெலிஓயாவுக்கு மேலே ஒரு ஒழுங்கை, சின்ன வீதிதான். பழைய தண்ணீர்த் தாங்கி ஒன்று இருந்ததால் தண்ணித்தாங்கி ஒழுங்கை என்பார்கள். மேல்பக்கம் தேயிலை, கீழ்ப்பக்கம் ஏழு வீடுகள், நடுவில் வீதி. தார்க் கார்பட் போட்டு இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஆட்டோவில் போனால் தூக்கம் வரும், அப்படி ஒரு வழவழப்பு. வருடாந்தப் பரிசோதனைக்குப் போனபோது அதன் கீழ்ப்பக்க ஓரத்தில் ஒரு வெடிப்பைக் கண்டேன். தீக்குச்சி போகும் அகலம், நாற்பது அடி நீளம். பாரம் தாங்காமல் வரும் வெடிப்பு வலை மாதிரிச் சின்னச் சின்னதாக வரும். இது ஒற்றையாக ஓடி, இரண்டு முனையிலும் பள்ளத்தின் பக்கம் பிறையாக வளைந்திருந்தது. பிறை மாதிரி வளைந்தால் மலை அந்தத் துண்டைத் தனியாகக் கழற்றப் பார்க்கிறது என்று பொருள்.

ஆனால் வெடிப்பு பழையதாகவும் இருக்கலாம், வந்து நின்றுபோனதாகவும் இருக்கலாம். அது அசைகிறதா என்று அறிய எங்களிடம் எளிமையான வழி ஒன்று இருந்தது. வெடிப்பின் குறுக்கே உள்ளங்கை அகலத்துக்குச் சீமெந்துச் சாந்தைப் பூசி, ஈரம் காயுமுன் ஆணியால் அன்றைய திகதியைக் கீறிவிடுவோம். இதற்குச் சாட்சி என்று பெயர். சீமெந்து இழுபடாது. நிலம் மயிரிழை நகர்ந்தாலும் பட்டென்று வெடிக்கும். மாதத்துக்கு ஒரு முறை வந்து பார்த்தால் போதும். நான் மூன்று சாட்சி வைத்தேன். மிச்ச வெடிப்பைத் தண்ணீர் இறங்காமல் எங்கள் ஆட்கள் தாரால் அடைத்தார்கள். தார் இழுபடும் என்பதால், அந்த மூன்று பூச்சைத் தவிர அசைவைச் சொல்ல அங்கே வேறொன்றும் இருக்கவில்லை.

பூசிக்கொண்டிருந்தபோது நடு வீட்டிலிருந்து செல்வராணி பிளேன்டீயோடு படியேறி வந்தாள். அவளுடைய புருசன் மரியதாஸ் மேசன் வேலை செய்கிறவர், அந்தப் பகுதியில் எல்லாரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்னங்க சேர், றோட்டு ஓடையப் போகுதா?"

நான் கீழே பார்த்தேன். ஏழு கூரை. கொடியில் வெள்ளைப் பாடசாலைச் சட்டைகள். நத்தார்ப் பண்டிகைக்கு அடித்த பெயின்ட் இன்னும் மங்காத சுவர். அசையலாம் என்று சொன்னால், அப்ப நாங்க எங்க சேர் போறது என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு நான் பயந்தேன்.

"ஒண்ணும் இல்ல தங்கச்சி. வெடிப்புக்கு ஒரு பூச்சு, அவ்வளவுதான்" என்றேன்.

மரியதாஸும் மேலே வந்தார். குனிந்து, என் பூச்சைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். "சேர் பேனா புடிக்கிற கை. சாந்து காஞ்சு போச்சு, கரடு தட்டுது பாருங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அடுத்த மாதமும் இதே இருபதாம் திகதி வருவேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

சொன்ன திகதியில் போனேன். மூன்று சாட்சியும் முழுசாக இருந்தன, என் திகதியோடு. அடுத்த மாதமும் அப்படியே. அதற்கடுத்த மாதமும். ஒவ்வொரு தரமும் "அசைவு இல்லை" என்று எழுதி, தரம் "மத்திமம்" என்று போட்டுக் கையெழுத்திட்டேன். மிஸ் பென்சிலை வைத்தார். "கண்டதோ, கேட்டதோ?" "கண்டது மிஸ்." "ஓம்" என்று தாளைக் கோவையில் வைத்தார்.

ஒன்று மட்டும் மனதில் இடறியது. கரடாக இருந்த என் பூச்சு வழவழப்பாகிக்கொண்டே வந்தது. மழையும் ஆள் நடமாட்டமும் தேய்த்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயந்தவனுக்கு நல்ல செய்தி கிடைத்தால் அதைத் திருப்பிப் பார்க்க மாட்டான். எனக்கு அப்படித்தான்.

நான்காவது மாதம் மழை பிடித்தது. ஐந்து நாள் விடாத மழை. இருபதாம் திகதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. காரியாலயக் கதிரையில் இருப்புக் கொள்ளவில்லை. மத்தியானச் சாப்பாட்டைக்கூடத் தொடாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன்.

மூன்று சாட்சியும் உடைந்திருந்தன. நடுவில் இருந்ததன் இடைவெளியில் என் பென்சில் தாராளமாக இறங்கியது. முனையில் நின்ற மின்கம்பம் பள்ளத்தை எட்டிப் பார்ப்பது போலச் சாய்ந்திருந்தது. ஒன்பது நாள் முந்தியே வந்தது எவ்வளவு நல்லது, இப்போதுதான் அசையத் தொடங்கியிருக்கிறது என்று ஒரு பக்கம் தைரியம் சொல்லிக்கொண்டேன்.

செல்வராணி குடையோடு ஓடி வந்தாள். முகத்தில் குற்றம் செய்தவளின் களை.

"ஐயோ சேர், நீங்க இருவதாம் திகதிதானே வருவீங்க? அவரு கொழும்புக்கு வேலைக்குப் போயிருக்காரு. சனிக்கெழம வந்து பூசிருவாரு சேர்."

"எதைப் பூசுவாரு?"

"இதத்தான். ஒங்க பூச்சு ஒடனே ஒடனே வெடிச்சிருது. மேலதிகாரி யாராச்சும் வந்து பார்த்தா சேருக்குத்தானே வெக்கம்னு, வெடிக்கிற நேரமெல்லாம் நீங்க வர்றதுக்கு முன்ன அவரு கொத்தி எடுத்துட்டு நல்லாப் பூசி வச்சிருவாரு. ஆணியால ஒங்க திகதியையும் அப்படியே எழுதிருவாரு."

"எத்தன தரம்?"

விரல் மடக்கி எண்ணினாள். "ஆறேழு தரம் இருக்கும் சேர்."

ஆறேழு தரம் வெடித்த அகலத்தையெல்லாம் கூட்டினால் அந்த வீதி மலையோடு ஒட்டிக்கொண்டு இல்லை. நான் நின்றிருந்த நிலமே காலுக்கடியில் பொய்யாகத் தெரிந்தது. மூன்று தாளில் என் கையெழுத்து இருந்தது.

மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். கேட்டு முடித்துவிட்டு வழமையான கேள்வியைக் கேட்டார். "கேட்டது மிஸ்" என்றேன். பிறகு, "நான் வாறன். கிராம சேவகரையும் கூட்டிக்கொண்டு வாறன். அதுக்குள்ள சனத்தை வீடுகளில இருந்து எழுப்பும்" என்றார்.

எழுப்புவது லேசாக இல்லை. செல்வராணி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு உடனே வெளியே வந்தாள். மற்ற வீடுகளில் சிரித்தார்கள். கடைசி வீட்டு ஹனீபா நானா, கெலிஓயாவில் தையல் கடை வைத்திருந்து ஓய்ந்தவர், விறாந்தைக் கதிரையை விட்டு அசையவே இல்லை.

"நீங்கதானே சேர் ஒண்ணுமில்லன்டு சென்னீங்க? மூணு மாசமா வந்து பார்த்துட்டு, எல்லாம் சரி நானா, எல்லாம் சரி நானான்டு போனீங்க. இப்ப ஊட்ட உட்டு எழும்பச் செல்றீங்க. எத நம்புற?"

அவர் கேட்டது நியாயம். சட்டம் பேசலாமா, பொலிசைக் கூப்பிடுவேன் என்று மிரட்டலாமா என்று யோசித்தேன். அதற்கெல்லாம் நேரம் இருக்கிறதா என்றும் தெரியவில்லை.

"நான் பொய் சொன்னேன் நானா" என்றேன். "மொத நாளே எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. நீங்க எல்லாம் எங்க போறதுன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியாம, சும்மா பூச்சுன்னு பொய் சொல்லிட்டேன். அந்தப் பொய்ய நம்பித்தான் பாஸ் அதத் திருப்பித் திருப்பிப் பூசியிருக்காரு. இப்பவும் பயமாத்தான் இருக்கு. எழும்புங்க."

ஹனீபா நானா கண்ணாடியைக் கழற்றி உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "புள்ள, குடைய எடு, போவம்" என்று மனைவியைக் கூப்பிட்டார். அவர் படியிறங்கியதைக் கண்டு மற்ற வீடுகளும் இறங்கின.

மிஸ் வந்ததும் நேரே தாங்கு சுவரின் கீழே போனார். நானும் பின்னால் போனேன். கொட்டுகிற மழையில் அந்தத் துளைகள் ஒன்றிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த இடத்தை விட்டு மேலே ஏறிய வேகத்தில் மிஸ்ஸின் குடை கைவிட்டுப் போனது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏழு குடும்பமும் எதிர்ச்சரிவில் இருந்த பாடசாலை மண்டபத்துக்குப் போனது. அங்கிருந்து பார்த்தால் ஒழுங்கை முழுதாகத் தெரியும். மறுநாள் விடிந்தபோது மழை தூறலாகியிருந்தது. வீதி அப்படியே கிடந்தது. எட்டு மணிக்கு முணுமுணுப்புத் தொடங்கியது. கோழிக்குத் தீனி வைக்க வேண்டும், அடுப்பில் வைத்தது வைத்தபடி கிடக்கிறது, சேருக்குத்தான் பயம் எங்களுக்கு என்ன என்று ஒவ்வொருவராகக் கேற்றடிக்கு வந்தார்கள். மிஸ் கேற்றின் நடுவில் நின்றுகொண்டு, "ஒருத்தரும் போகேலாது" என்றார்.

நான் ஜன்னலடியில் நின்றேன். வீதி விழாவிட்டால் நான் இரண்டு தரம் பொய்யன். விழுந்தால் அவர்களுக்கு வீடு இல்லை. இரண்டில் எதை வேண்டிக்கொண்டு நின்றேன் என்று சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஒன்பதரை இருக்கும். முதலில் மின்கம்பம் மெல்ல உட்கார்ந்தது. கம்பிகள் அறுந்தன. பிறகு அந்த வழவழப்பான கார்பட், பாயை இழுத்தது போல ஒரே துண்டாக நழுவிக் கீழே போனது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. மரியதாஸின் வீடும் பக்கத்து வீடும் இருந்த இடம் தெரியவில்லை. ஹனீபா நானாவின் குசினியும் அடுப்படியும் இல்லை. செல்வராணி தன் பிள்ளைகளின் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள், மறுபடி எண்ணினாள். நான் எல்லாரையும் எண்ணினேன். மூன்று தரம் எண்ணியும் ஒருவரும் குறையவில்லை.

பின்னேரம் மரியதாஸ் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தார். தோளில் மட்டப்பலகையும் சாந்துக் கரண்டியும் போட்ட பை. மனைவி பிள்ளைகளைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு நேரே என்னிடம் வந்தார். செல்வராணி அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

"நான் கை வைக்காம இருந்திருந்தா ஒங்களுக்கு முந்தியே தெரிஞ்சிருக்கும், இல்லீங்களா சேர்?"

என் பிள்ளைகளை நானே கொல்லப் பார்த்தேன் என்று நினைக்கிற மனுசனின் முகத்தை நான் முதல்தரம் அன்றுதான் பார்த்தேன். "நீங்க இல்ல பாஸ், நான்" என்று அவர் கையைப் பிடித்தேன். அவர் நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தார்.

அறிக்கை எழுத வேண்டியிருந்தது. அதில் "காரணம்" என்று ஒரு கட்டம். சாட்சியைக் குடியிருப்பாளர் மாற்றிப் பூசினார் என்று எழுதும்படி காரியாலயத்தில் பலர் சொன்னார்கள். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை, நானும் தப்பலாம். ஒரு நாள் முழுக்க அந்தக் கட்டத்தை வெறுமையாக வைத்திருந்தேன். மிஸ் வந்து பக்கத்தில் நின்றார். "கண்டதை எழுதும்" என்றார். சாட்சி எதற்கென்று குடியிருப்பாளருக்கு நான் சொல்லவில்லை, கேட்டபோது பொய் சொன்னேன், பூச்சு மாறியிருந்ததைக் கண்டும் ஆராயவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. சில மாதம் என்னைப் பரிசோதனைப் பக்கமே விடவில்லை. அந்த அறிக்கையின் பிரதி ஒன்றை மரியதாஸிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மெதுவாக வாசித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அதன் பிறகுதான் என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரைக்கும் நான் எங்கே சாட்சி வைத்தாலும், அந்த வீட்டுக் கதவைத் தட்டி, எல்லாரையும் கூப்பிட்டு, இது வெடித்தால் தொடாதீர்கள், என்னைக் கூப்பிடுங்கள், கூப்பிடுவதற்கு முன்னால் வெளியே வாருங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் வருவேன். சனம் பயந்தது. பயப்படட்டும் என்று விட்டேன். போனைக் காட்டிய பிள்ளைகளுக்கும் நான் சொல்லக்கூடியது இதுதான். பச்சை நிறம் வந்த வீதியில் இறங்கி நடந்து பாருங்கள். கீழே இருக்கிறவர்களிடம் உள்ளதைச் சொல்லுங்கள்.

மரியதாஸுக்கு வேறு இடத்தில் காணி கிடைத்து, தானே வீடு கட்டிக்கொண்டார். இந்த வருட மழைக்கு முன் அங்கே போயிருந்தேன். வீட்டுக்கு மேலே போகும் கொங்கிரீட் பாதையில் மெல்லிய கீறல் ஒன்றைக் காட்டினார். அதன் குறுக்கே தானே சாட்சி வைத்திருந்தார், வழவழவென்று, ஆணியால் திகதி கீறி. பார்த்துவிட்டு, இப்போதைக்கு முழுசாக இருக்கிறது, கண்ணை வைத்திருங்கள் என்று சொல்லி வந்தேன்.

போன கிழமை காலை, இதை எழுதிக்கொண்டிருந்தபோது, மழை கொட்டிக்கொண்டிருந்தது. போன் அடித்தது. அவர்தான்.

"சேர், வெடிச்சிருச்சு. நான் கை வைக்கல."

ஓய்வு பெற்றவன், என்னிடம் தாளும் இல்லை, கையெழுத்துக்கு மதிப்பும் இல்லை. ஒரு காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டே, "பாஸ், இப்ப எங்க நிக்கிறீங்க?" என்று கத்தினேன்.

"வெளிய சேர். எல்லாரும் வெளிய வந்துட்டோம்."